பெற்றோல் எங்க போகுது? பிரேக்குக்குள்ள பாருங்க

"மெதுவாப் போனா பெற்றோல் மிச்சம் மச்சான்" எண்டு ஒருத்தர் சொல்லுவார். பக்கத்துல இருக்கிறவர், "போடா, மெதுவாப் போனாத்தான் கூடக் குடிக்கும், முறுக்கி விட்டா நேரமும் மிச்சம் எண்ணெயும் மிச்சம்" எண்டுவார். மூண்டாவது ஆள் தேத்தண்ணிக் கிளாச வெச்சிட்டு, "ரெண்டு பேரும் விசர்க்கதை கதைக்காதீங்க, 95 பெற்றோல் அடிச்சுப் பாருங்க, லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் கூட ஓடும்" எண்டு முடிச்சு வைப்பார். பாலத்தால இறங்கக்குள்ள நியூட்ரல்ல விடுற ஆக்கள், சாவியையே ஓஃப் பண்ணிப்போட்டு உருளுற ஆக்கள் எண்டு இன்னொரு கூட்டமும் இருக்கு. இதுல முக்காவாசிக் கதையில ஒரு சின்ன உண்மை ஒளிஞ்சு கிடக்கு, அதான் பிரச்சினையே, முழுப் பொய்யா இருந்தா எப்பவோ விட்டிருப்பம்.

நான் மெக்கானிக்கும் இல்ல, எஞ்சினியரும் இல்ல. களுவாஞ்சிகுடிக்குக் கொஞ்சம் இங்கால இருந்து மட்டக்களப்பு டவுணுக்கு ஒரு பழைய 100 சீசீ பைக்குல தினமும் வேலைக்குப் போற ஆள். போக 25 கிலோமீற்றர், வர 25, கிழமைக்கு அஞ்சு நாள் எண்டா 250. 2022ல எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குள்ள பங்கு பிரிச்சுக் குடுக்கக் கியூஆர் கோட் தொடங்கக்குள்ள மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு தந்தாங்க, ஞாபகம் இருக்கா? என்ட பைக் அப்ப லீற்றருக்கு 50 ஓடிக்கொண்டிருந்தது. அப்ப 4 லீற்றருக்கு 200 கிலோமீற்றர், வியாழக்கிழமையோட டாங்கி காலி. கறுப்புல வாங்கிற அளவுக்குக் கையில காசு இல்ல, பெற்றோல் செட்டுலயே லீற்றர் 470 ரூபா வித்த வருசம் அது. குறையிற அந்த 50 கிலோமீற்றர எங்கருந்தாவது பிடுங்கி எடுக்கோணும் எண்டு தேடித் திரிஞ்சு, வாசிச்சு, ஓடிப் பாத்து விளங்கினத்தான் இதுல எழுதுறன்.

கியூவுல தோளால படிச்ச பௌதிகவியல்

அந்தக் காலத்துல செட் கியூவுல நிண்டவங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஸ்டார்ட் பண்ணி நகத்தினா உள்ள துளி எண்ணெயும் போயிரும் எண்டு எல்லாரும் வண்டியத் தள்ளித்தான் போனம். எனக்கு முன்னுக்கு ஒரு வயசான ஐயா, ஓட்டோக்காரர். தனியத் தள்ள ஏலாம நிண்டார், நானும் கைகுடுத்தன். நிண்ட ஓட்டோவ அசைக்கிற அந்த முதல் தள்ளு இருக்கே, தோள் கழண்டிரும். ஆனா அசைஞ்சு உருளத் தொடங்கிட்டா மறுகா ஒரு கையால தள்ளினாலும் அது பாட்டுக்குப் போகும். அப்பிடி நல்லா உருண்டு வரக்குள்ளதான் முன்னால நிண்டவன் நிப்பாட்டுவான், ஐயா பிரேக்க அமத்துவார், திரும்பவும் முதல்லருந்து தோள். பத்தடி போறது, நிக்கிறது, பத்தடி போறது, நிக்கிறது.

கொஞ்ச நேரத்துல ஐயா ஒரு வேலை செய்தார். முன்னுக்கு உள்ள வண்டி நகந்தாலும் நாங்க நகரல்ல. முப்பது நாப்பதடி இடைவெளி விழும் மட்டும் விட்டுட்டு, "இப்ப தள்ளுங்க தம்பி" எண்டார். ஒரே மூச்சு. மூண்டு முதல் தள்ளு ஒரு முதல் தள்ளாச் சுருங்கிச்சு. இடைவெளிக்குள்ள எவனாவது பூந்திருவானோ எண்டு எனக்குப் பயம்தான், நல்லகாலம் பூரல்ல.

பெற்றோல் மிச்சம் பிடிக்கிற வித்தையில பாதிக்கு மேல அந்த ஐயா செய்ததுக்குள்ள முடிஞ்சுது. நீங்க தோளால குடுத்த பலத்த ரோட்டுல எஞ்சின் பெற்றோலால குடுக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளிக்கூடத்துல படிச்ச ரெண்டு சொல்ல மட்டும் இதுல ஒட்டிக்கொள்ளுவம். நிக்கிற சாமான் நிக்கத்தான் பாக்கும், ஓடுற சாமான் ஓடத்தான் பாக்கும், அந்தப் பிடிவாதத்துக்குப் பேர் சடத்துவம். தள்ளித் தள்ளி நீங்க வண்டிக்குள்ள சேத்து வெச்ச சக்திக்குப் பேர் இயக்கசக்தி. அத ஒரு உண்டியல் மாதிரி நினைச்சுக்கொள்ளுங்க. வண்டி வேகம் எடுக்க எடுக்கப் பெற்றோல எரிச்சு உண்டியல நிரப்புறீங்க. முறுக்கின கைய விட்டுட்டு உருள விட்டா உண்டியல்ல இருந்து எடுத்துச் செலவழிச்சுக்கொண்டு வண்டி இன்னும் கொஞ்சத் தூரம் போகும், அது உங்கட காசு உங்களுக்கே பிரயோசனப்படுறது. பிரேக் போட்டா?

பிரேக் உண்மையில என்ன செய்யுது

மட்டக்களப்பு வாவிக்கு மேலால போற கல்லடிப் பாலத்தால சைக்கிள்ல வேகமா இறங்கி வந்து, கீழ பிரேக்க இறுக்கிப் பிடிச்சு நிண்டுட்டு, அந்த ரப்பர் கட்டையும் ரிம்மும் உரசின இடத்தத் தொட்டுப் பாருங்க. இளஞ்சூடா இருக்கும். அதான் உங்கட உண்டியல் காசு. பிரேக் எண்டுறது வேகத்த விழுங்கிற சாமான் இல்ல, இயக்கசக்திய உரசிச் சூடாக்கிக் காத்துல விடுற சாமான். அந்தச் சூட்டத் திருப்பிப் பிடிச்சு டாங்கிக்குள்ள ஊத்த ஏலாது.

எவ்வளவு போகுது எண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தன், பருமட்டான கணக்குத்தான். பெற்றோல்ல இருக்கிற சக்தியில கால்வாசி மாதிரித்தான் சில்லுக்குப் போய்ச் சேரும், மிச்சம் எல்லாம் எஞ்சின் சூட்டாவும் சைலன்சர் சூட்டாவும் போயிரும் (கெண்டைக்கால்ல சைலன்சர் சுட்ட தழும்பு இல்லாத பொடியன் எங்கட ஊர்ல இருக்கானா?). அதையும் சேத்துப் பாத்தா, 1,200 கிலோ நிறையுள்ள ஒரு கார 60ல இருந்து பிரேக் போட்டு நிப்பாட்டி, திரும்ப 60க்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 20 மில்லிலீற்றர் பெற்றோல் வேணும். நாலு தேக்கரண்டி. ஒவ்வொரு தரமும் ஆராவது வந்து கண்ணாடிக்குள்ளால கைய நீட்டி, "நாலு கரண்டி எடுத்து ரோட்டுல ஊத்துங்க" எண்டு சொன்னா ஊத்துவமா?

பைக்குக்கு இவ்வளவு இல்ல, ஆளும் பைக்குமாச் சேத்து 180 கிலோ எண்டா 3 மில்லிலீற்றர் மாதிரி வரும். அது என்ன பெரிய கணக்கா எண்டு நானும் முதல்ல நினைச்சன். ஒரு வழிக்கு 20 தரம் அப்பிடி நிண்டு எழும்பினா 60, போக வர 120, அஞ்சு நாளைக்கு 600 மில்லிலீற்றர். லீற்றருக்கு 50 ஓடுற பைக்குக்கு அது 30 கிலோமீற்றர். எனக்குக் குறைஞ்ச 50 கிலோமீற்றர்ல 30 இதுக்குள்ள ஒளிஞ்சு கிடந்திருக்கு.

இதுல வேகத்துக்கு ஒரு தனிக் குணம் இருக்கு. வேகம் ரெண்டு மடங்கானா இயக்கசக்தி ரெண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். 30ல இருந்து நிக்கிறதுக்குப் போறது 60ல இருந்து நிக்கிறதுக்குப் போறதுல கால்வாசிதான். அதால, தூரத்துல பஸ் ஹோல்ட்டுல பஸ் நிக்கிறது தெரியுது எண்டா, கடைசி மட்டும் முறுக்கிக்கொண்டு போய் நறுக்கெண்டு பிரேக் போடுறதுக்கும், நூறு மீற்றருக்கு முன்னமே கைய விட்டு 30க்கு இறங்கி வந்து அமத்துறதுக்கும் நாலு மடங்கு வித்தியாசம். ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குப் பின்னாலதான் நிக்கப் போறம்.

ஹைபிரிட் கார்கள் டவுணுக்குள்ள நல்லா ஓடுதெண்டு சொல்றாங்களே, அதுட ரகசியத்துல ஒரு பெரிய பங்கு இதான். பிரேக் போடக்குள்ள அது சில்லாலயே மோட்டரச் சுத்த வெச்சு கரண்ட் எடுத்து பற்றரிக்குள்ள போட்டுக்கொள்ளும். நாங்க சூடாக்கி வீசுறத அது பொறுக்கி எடுக்குது.

இது வரைக்கும் விளங்கினது: நாங்க மிச்சம் பிடிக்கக்கூடிய பெற்றோல் பெருசாப் போற இடம் நிண்டு எழும்பிற இடம், அந்தச் செலவுக்குக் காரணம் பிரேக். அக்சிலேட்டரக் குறை சொல்லுறத்துக்கு முதல் பிரேக்க எண்ணிப் பாக்கோணும்.

அப்ப மெதுவாப் போனா மிச்சமா, வேகமாப் போனா மிச்சமா

ரெண்டும் இல்ல. கச்சான் காத்து வீசுற காலத்துல எதிர்க்காத்துக்கு சைக்கிள் உழக்கினவங்களக் கேளுங்க, காத்து எண்டா என்ன எண்டு சொல்லுவாங்க. காத்து வீசாத நாள்லயும் நீங்க ஓடுற வேகத்துக்கு எதிர்க்காத்து ஒண்டு உங்களாலயே உண்டாகுது. வாவியில தோணி வலிச்சவங்களுக்கு இது இன்னும் வடிவா விளங்கும். ஆறுதலா சவள் போட்டா தோணி வழுக்கிக்கொண்டு போகும், அவசரப்பட்டு வலிச்சா அணியத்துல தண்ணி திரண்டு நிண்டு மறிக்கும். தண்ணி செய்யிறதத்தான் காத்தும் செய்யுது. அதுக்குப் பேர் வளித்தடை, அதுவும் வேகத்தோட மடங்கு மடங்காத்தான் கூடும். 60ல போறதுக்கும் 80ல போறதுக்கும் வேகத்துல மூண்டுல ஒரு பங்குதான் வித்தியாசம், ஆனா காத்து மறிக்கிற பலம் முக்கால் பங்குக்கு மேல கூடிரும். பைக்குல போற ஆள் நெஞ்ச நிமித்திக்கொண்டு ஷேர்ட் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு போறவர் எண்டா சொல்லத் தேவையில்ல.

கிடைக்கிற லாபத்தப் பாருங்க. என்ட 25 கிலோமீற்றரும் ஒரே நேர் ரோட்டு, ஒரு மாடும் இல்ல ஒரு சந்தியும் இல்ல எண்டு வெச்சுக்கொண்டாலும், 60ல 25 நிமிசம், 80ல 19 நிமிசத்துக்குக் கிட்ட. ஆறு நிமிசம். நிசத்துல அந்த ஆறையும் செட்டிபாளையம், ஆரையம்பதி, காத்தான்குடி எண்டு ஒவ்வொரு ஊரும் பிடுங்கிக்கொள்ளும், கல்லடியில வந்து பாத்தா உங்கள வெட்டி எடுத்துப் போனவர் ரெண்டு வண்டி முன்னுக்குத்தான் நிப்பார்.

அப்ப 20ல போனா இன்னும் நல்லம்தானே எண்டு கேட்டா, அங்கதான் மற்றக் கட்சிக்காரர்ட சின்ன உண்மை வருது. எஞ்சின் வண்டிய நகத்தினாலும் நகத்தாட்டியும் தான் சுத்துறதுக்கே கொஞ்சம் எண்ணெய் கேக்கும். சட்டி வைக்காம அடுப்ப எரிய விட்ட மாதிரி. ஊந்து ஊந்து போனா அதே தூரத்துக்குக் கூட நேரம் எடுக்கும், அடுப்புக் கூட நேரம் எரியும். ஆகவே மிகவும் மெதுவிலயும் நட்டம், மிகவும் வேகத்துலயும் நட்டம். சின்ன பைக்குகளுக்கு டொப் கியர்ல 40க்கும் 55க்கும் நடுவுல எங்கயோ நல்ல இடம் இருக்கு, காருக்கு அதவிடக் கொஞ்சம் கூட. அந்த வேகத்த விடாம, ஏத்தி இறக்காம, ஒரே சீராப் பிடிச்சுக்கொண்டு போறதுதான் விசயம். தேத்தண்ணிக் கடையில ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி, சண்டை பிடிக்கத் தேவையில்ல.

கியர்: நசுங்கின குழாயால இளநி குடிக்கிற கதை

எஞ்சின் காத்த உள்ள இழுத்துத்தான் வேலை செய்யும். அந்தக் காத்து வாற வழியில ஒரு கதவு இருக்கு, நீங்க முறுக்கிறது அந்தக் கதவத் திறக்கிறதுக்குத்தான். சின்னக் கியர்ல எஞ்சின் கத்தக் கத்தப் போனா, கதவு அரைகுறையாத் திறந்தபடி எஞ்சின் வேக வேகமா உறிஞ்சிக்கொண்டிருக்கும். இளநிக் குழாய விரலால நசுக்கிப் பிடிச்சுக்கொண்டு உறிஞ்சிப் பாருங்க, கன்னம் நோகும், வயிறு நிரம்பாது. அந்த வீண் பாடு பெற்றோல்ல இருந்துதான் போகுது. பெரிய கியருக்கு மாத்தினா எஞ்சின் ஆறுதலாச் சுத்தும், அதே வேகத்துக்குக் கதவக் கொஞ்சம் கூடத் திறக்கலாம், குழாய் நசுங்காது.

அதுக்காக 25ல டொப் கியரப் போட்டு வண்டிய உதற விடக் கூடாது. டக்கு டக்கெண்டு திணறினா உடன ஒரு கியர் கீழ. எழும்பக்குள்ள ஆமை மாதிரி ஊரவும் தேவையில்ல, ரேஸ் பண்ணவும் தேவையில்ல, ஒரு நிதானமான முறுக்கு, கெதியாக் கியர மாத்தி டொப்புக்குப் போயிரோணும். கார்க்காரர் கிளட்ச்சுல கால வெச்சபடியே ஓடுறதும் கூடாது, கிளட்ச் பிளேட் உரசி அதுவும் சூடாத்தான் போகும், கராஜ்ல பாஸ் பில்லத் தரக்குள்ள தெரியும்.

நியூட்ரல், 95, ஓஃப் பண்ற கதை

நியூட்ரல். இப்ப வாற, கொம்பியூட்டர் அளந்து பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்ஷன் வண்டிகள்ல, கியர்ல இருக்கக்குள்ள அக்சிலேட்டர முழுசா விட்டா, சில்லுதான் எஞ்சினச் சுத்துது எண்டு விளங்கிக்கொண்டு கொம்பியூட்டர் பெற்றோல அடியோட நிப்பாட்டிரும். நீங்க நியூட்ரல்ல போட்டா எஞ்சின் அணையாம இருக்கிறதுக்கு அது திரும்ப எண்ணெய் குடுக்கத் தொடங்கும். மிச்சம் எண்டு நினைச்சுச் செய்யிறது நட்டம். என்ட பைக் மாதிரி, கொம்பியூட்டர் இல்லாத பழைய காபரேட்டர் வண்டியில அந்த வித்தை இல்ல, அதால நியூட்ரல்ல துளி மிச்சம் வரலாம், அந்தக் காலத்து ஆக்கள் சொன்னதுல இருந்த உண்மை அதான். ஆனா எஞ்சின் பிடியும் இல்லாம, அவசரத்துக்கு முறுக்கி விலகவும் ஏலாம உருளுறது ஆபத்து. அதவிட, எங்கட பகுதியில ஏது மலை, கண்டியாலயா இறங்கிறம்? ரெண்டு மூண்டு பாலத்துட இறக்கம், அதுக்குள்ள என்னத்த மிச்சம் பிடிக்கிற?

ஓடக்குள்ள சாவிய ஓஃப் பண்றது அதவிட மோசம். கார்ல எஞ்சின் அணைஞ்சா பிரேக்குக்குக் குடுக்கிற உதவியும் நிண்டிரும், ரெண்டு தரம் மிதிச்சாப் பிறகு கல்ல மிதிச்ச மாதிரி இருக்கும், ஸ்டியரிங்கும் பாரமாகிரும், சாவியக் கழட்டினாப் பூட்டியும் கொள்ளும். தயவு செய்து வேண்டாம்.

95. இது பெற்றோல்ட பலம் எண்டு எங்கட ஆக்கள் நினைச்சுக்கொண்டிருக்காங்க. 95, 92 எண்டுறது ஒக்டேன் இலக்கம், ஒக்டேன் எண்டுறது பலம் இல்ல, பொறுமை. எஞ்சினுக்குள்ள பெற்றோலும் காத்தும் சேந்த கலவைய நல்லா அமத்திப்போட்டுத்தான் பிளக் பொறி போடும். அந்தப் பொறி வரும் மட்டும் தானாப் பத்திக்கொள்ளாம பொறுத்திருக்கிற குணம்தான் ஒக்டேன். 95 கொஞ்சம் கூடப் பொறுக்கும், 92 கொஞ்சம் குறையப் பொறுக்கும். கூட அமத்துற எஞ்சினுக்கு 95 வேணும், பொறுக்காட்டி உள்ளுக்குள்ள டிக் டிக்கெண்டு தட்டும். 92க்குச் செய்த எஞ்சினுக்கு 95 ஊத்தினா அந்தக் கூடுதல் பொறுமையால ஒரு வேலையும் இல்ல. வண்டியோட வந்த புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அத அடிச்சாச் சரி.

நிண்ட இடத்துல ஓஃப் பண்றது, இது மட்டும் உண்மையிலயே நல்ல பழக்கம். சின்னக் கார் ஒண்டு சும்மா ஸ்டார்ட்டுல நிண்டாலே மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல போகும், ஏசி போட்டா இன்னும். இன்ஜெக்ஷன் வண்டியத் திரும்ப ஸ்டார்ட் பண்ணப் போற எண்ணெய் பத்துச் செக்கன் சும்மா நிக்கிறதுக்குப் போற எண்ணெய்க்குச் சமம் மாதிரித்தான், அதால அரை நிமிசத்துக்கு மேல நிப்பன் எண்டு தெரிஞ்சா ஓஃப் பண்ணலாம். எங்களுக்கு இது புதுசும் இல்ல. 1924ல கட்டின அந்தப் பழைய கல்லடிப் பாலத்துல, 2013ல பக்கத்துல புதுப் பாலம் திறக்கும் மட்டும், ஒரு பக்கத்து வண்டி முழுக்க வந்து முடியும் வரை மற்றப் பக்கம் நிண்டுதானே போனம். வரிசையில உள்ளவங்க எஞ்சின ஓஃப் பண்ணிப்போட்டு வாவியப் பாத்துக்கொண்டிருப்பாங்க. புதுப் பாலம் வந்து அந்தப் பொறுமையையும் சேத்து எடுத்துக்கொண்டு போயிற்று. இப்ப கோச்சி கேட் மூடினா ஐஞ்சு நிமிசமும் உறுமிக்கொண்டு நிக்கிறம்.

சுருக்கமாச் சொன்னா, உருளக்குள்ள கியர்ல விடுங்க, நிக்கக்குள்ள அணையுங்க, டாங்கிக்குள்ள புத்தகம் சொல்றத ஊத்துங்க.

மற்ற ஆக்கள்ட பெற்றோலையும் நாமதான் எரிக்கிறம்

எனக்கு உண்மையிலயே கண்ணத் திறந்தது இந்தப் பகுதிதான். என்ட பிரேக்குல பாதிய நான் போடல்ல, மற்றவங்க போட வைக்கிறாங்க. அப்ப நானும் மற்றவங்களப் போட வெச்சுக்கொண்டுதானே இருந்திருப்பன்?

ஜப்பான்ல ஒரு பரிசோதனை செய்தாங்க, 2008ல அந்த ஆய்வு வெளியானது. 230 மீற்றர் சுத்தளவுள்ள ஒரு வட்டத்துல 22 கார விட்டு, எல்லாரும் 30ல ஒரே மாதிரிச் சுத்துங்க எண்டு சொன்னாங்க. சந்தி இல்ல, மாடு இல்ல, பஸ் ஹோல்ட் இல்ல. கொஞ்ச நேரம் வடிவாச் சுத்திச்சு. மறுகா ஆரோ ஒருத்தர் துளி வேகம் குறைய, பின்னால உள்ளவர் அதவிடக் கொஞ்சம் கூடக் குறைக்க, அவருக்குப் பின்னால உள்ளவர் இன்னும் கூடக் குறைக்க, கடைசியில சில கார்கள் முழுசா நிண்டே போச்சு. அந்த நெரிசல் ஒரு அலை மாதிரிப் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு காரணமும் இல்லாம நெரிசல். முன்னுக்குப் பிரேக் போட்ட ஆள் அது தெரியாமலே போயிக்கொண்டிருப்பார்.

இத வெச்சு எங்கட ரோட்டப் பாருங்க. ஒரு நாள் பின்னேரம் ஒரு கடைத்தெருவுல (ஊரச் சொல்ல மாட்டன், எல்லா ஊரும் இதான்) ஒரு வான் பாதி உடம்ப ரோட்டுல வெச்சபடி நிண்டது. ஓட்டினவர் கொத்துரொட்டி எடுக்க இறங்கிட்டார், ஹசாட் லைட் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கு, அதப் போட்டுட்டா எங்கயும் நிக்கலாம் எண்டு ஒரு சட்டம் எங்கட ஆக்கள்ட மனசுக்குள்ள இருக்கு. நானும் அதே கடையில நிண்டதால சும்மா எண்ணிப் பாத்தன். கொத்து அடிச்சு முடியிறத்துக்குள்ள முப்பது காரும் வானும் வந்து பிரேக் போட்டு, எதிர்ப் பக்கம் விடும் மட்டும் நிண்டு, விலத்திப் போச்சு. 40ல இருந்து நிண்டு எழும்ப ஒரு காருக்கு 9 மில்லிலீற்றர் எண்டு வெச்சாலும் முப்பதுக்கு 270. பெரிய சோடாப் போத்தில்ல அஞ்சுல ஒரு பங்குக்குக் கிட்டப் பெற்றோல், ஒரு பார்சல் கொத்துக்கு. பைக்கும் ஓட்டோவும் கணக்குல இல்ல. பத்து மீற்றர் தள்ளி ஒரு வெறும் வளவு இருந்தது.

அதுக்குப் பிறகு என்ட பழக்கத்துல சிலத மாத்தினன். வலப்பக்கம் கிறுகப் போறன் எண்டா முப்பது நாப்பது மீற்றருக்கு முன்னமே சிக்னலப் போட்டு ரோட்டு நடுக்கோட்டுக்குக் கிட்ட வந்திருவன், பின்னால வாறவர் பிரேக் போடாம இடப்பக்கத்தால வழுக்கிப் போயிருவார். முதல் எல்லாம் சந்தியில வந்து நிண்டாப் பிறகுதான் சிக்னல் போடுவன், சில நேரம் அதுவும் இல்ல, கால நீட்டிக் காட்டுறதோட சரி. ஹோல்ட்டால வெளிக்கிடுற பஸ்ஸுக்கு வழி விட்டிருவன், அம்பது பேர் இருக்கிற பஸ்ஸ நிப்பாட்டி எழுப்புறதுக்குப் போற டீசலுக்கு முன்னால என்ட 3 மில்லிலீற்றர் என்ன கணக்கு. பள்ளிக்கூடம் விடுற நேரம் கடவைக்குக் கிட்ட வரக்குள்ள முன்னமே கைய விட்டிருவன், பிள்ளைகள் ஓடத் தேவையில்ல, பின்னால வாறவருக்கும் விளங்கும்.

ஆனா எல்லாத்தவிடப் பெருசு முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல விடுற இடைவெளி. முன் வண்டி ஒரு போஸ்டக் கடக்கக்குள்ள "ஆயிரத்தி ஒண்டு, ஆயிரத்தி ரெண்டு" எண்டு ஆறுதலா எண்ணுங்க. சொல்லி முடியிறத்துக்கு முதல் நீங்களும் அந்தப் போஸ்டுக்கு வந்திட்டீங்க எண்டா கிட்டப் போயிட்டீங்க. மாரிக்கு நாலு மட்டும் எண்ணோணும். அந்த ரெண்டு செக்கன் இடைவெளி இருந்தா முன்னால உள்ளவர் பிரேக்கத் தொட்டாலும் நீங்க கைய மட்டும் விட்டாக் காணும், அலை உங்களோட நிண்டிரும், உங்களுக்குப் பின்னால வாற பத்துப் பேருக்குப் போகாது. கியூவுல அந்த ஐயா விட்ட முப்பதடி இதான். "இடைவெளி விட்டா இடையில பூந்திருவாங்களே" எண்டு எல்லாரும் கேப்பாங்க. பூருவாங்கதான். பூந்தா இன்னும் ரெண்டு செக்கன் விடுங்க. வீட்ட போய்ச் சேர அரை நிமிசம் பிந்தும்.

சூடடிப்புக் காலத்துல நெல் மூட்டையோட போற ட்ரக்டருக்குப் பின்னால மாட்டினா ஹோர்ன் அடிச்சு ஒரு பிரயோசனமும் இல்ல, அதால அதவிட வேகமாப் போக ஏலாது, அந்த மனுசனும் அத ரசிச்சு ஓட்டல்ல.

காத்து, பிரேக் கட்டை

இதுகள் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா செய்யிறது குறைவு. டயர்ல காத்துக் குறைஞ்சா டயர் ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி நசுங்கி எழும்பும், கடற்கரை மணல்ல சைக்கிள் உழக்கிற மாதிரி. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, காலையில டயர் சூடேற முதல், வண்டியில ஒட்டியிருக்கிற அளவுக்கு அடிக்கோணும். கச்சான் காலத்துப் புழுதிக்கு எயார் ஃபில்டர் கெதியா அடைபடும்.

என்ட பைக்குல கிடந்த கள்ளன் வேற. எல்லாம் சரியா ஓடியும் எண்ணெய் குடிச்சுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நடு ஸ்டாண்டுல போட்டு, நியூட்ரல்ல வெச்சு, பின் சில்லக் கையால சுத்தி விட்டன். ரெண்டு சுத்தோட நிண்டுது. காதக் கிட்ட வெச்சா உஸ் உஸ்ஸெண்டு ஒரு உரசல். கொஞ்ச நாளைக்கு முதல் ஒரு கராஜ்ல பிரேக்க இறுக்கித் தந்தவர் அளவுக்கு மிஞ்சி இறுக்கிப்போட்டார், நான் ரெண்டு கிழமையா லேசாப் பிரேக் பிடிச்சபடியே மட்டக்களப்புக்குப் போய் வந்திருக்கன். நட்டக் கொஞ்சம் தளத்தி விட்டன், சில்லு ஏழெட்டுச் சுத்துச் சுத்திச்சு. பெடல மிதிச்சு பிரேக் சரியாப் பிடிக்குதா எண்டும் பாக்கோணும், பெற்றோல் ஆசையில பிரேக் இல்லாமப் போயிரக் கூடாது.

அளக்காமக் கதைக்கக் கூடாது

"இப்ப நல்லா ஓடுது" எண்டுறது ஒரு கணக்கே இல்ல. டாங்கிய நிரப்புங்க, மீற்றர எழுதி வைங்க, வழமையா ஓடுற மாதிரி ஒரு கிழமை ஓடுங்க, திரும்ப அதே செட்டுல அதே அளவுக்கு நிரப்புங்க. ரெண்டாந்தரம் எத்தினை லீற்றர் போச்சோ அதால ஓடின கிலோமீற்றரப் பிரியுங்க. ஒரு தரத்த நம்பாதீங்க, காத்து, மழை, பின்னால ஆள் இருந்தது எண்டு மாறும். மூண்டு நாலு தரம் எடுத்தாத்தான் உண்மை நிலவரம் தெரியும்.

என்ட பைக் 50ல இருந்து 58க்கு வந்தது. நாலு லீற்றருக்கு 232. 250க்கு எட்டல்ல, வெள்ளிக்கிழமை பஸ்ஸுல தொங்கிக்கொண்டுதான் போனன், ஆனா வியாழக்கிழமை பின்னேரம் நடுரோட்டுல தள்ளிக்கொண்டு வாறது இல்லாமப் போச்சு. கியூஆர 2023 செப்டெம்பரோட விட்டாங்க, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுது.

அளக்கப் பஞ்சி எண்டா அதவிடச் சுகமான ஒண்டு இருக்கு. வீட்டால வெளிக்கிட்டு வேலைக்குப் போய்ச் சேரும் மட்டும் எத்தினை தரம் பிரேக் அமத்துறீங்க எண்டு எண்ணிக்கொண்டு போங்க. நான் முதல் நாள் எண்ணக்குள்ள காத்தான்குடி தாண்டுறத்துக்குள்ள 70 வந்தது, அங்கால எண்ணுறத விட்டிட்டன். நேத்து வீட்டால கல்லடி மட்டும் 31. அதுல நாலு, தாழங்குடாவுல ரோட்டுக்கு நடுவுல படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த மாடுகளுக்கு.